டீக்கன் நின்ற இடம்

"இந்தக் குதிரை மேல உக்காந்து காபி குடிக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது" என்று என் கணவர் ஆர்லிஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களோடு போட்டிகளில் நாய் ஓட்டுகிற டப் ஸ்டாலிங்ஸ் ஒருநாள் நிஜமாகவே கோப்பையோடு ஏறிவிட்டான். வேலியோரமாக ஒரு முழுச் சுற்று வந்தான். காபி சிந்தவில்லை. இறங்கும்போது மடியில் கொட்டிக்கொண்டான்.

"குதிரை சரியாத்தான் இருக்கு ஆர்லிஸ். எனக்குத்தான் இறங்கத் தெரியல."

குதிரையின் பெயர் டீக்கன். சும்மா நிற்கும்போது தலையைத் தாழ்த்தி, சர்ச்சில் ஜெபம் செய்கிற பெரியவர் மாதிரி நிற்பான், அதனால் அந்தப் பெயர். என் கோட்டுப் பையில் பன்றி இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டி இருந்தால் பல்லால் இழுத்து, பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இறைச்சியைக் கீழே துப்பிவிடுவான். காட்டுப் பெர்சிம்மன் பழம் உதிரும் காலத்தில் அவனை நேர்கோட்டில் ஓட்டவே முடியாது. எந்த மரத்தடியில் எத்தனை கிடக்கிறது என்று என்னைவிட அவனுக்குத் தெரியும்.

அவன் எங்களுடையவன் அல்ல. குதிரைகள், நாய்கள், நாங்கள் குடியிருந்த வீடு எல்லாமே மிஸ்டர் ப்ராட்னாக்ஸுடையவை. அவருடைய நாய்களைப் பழக்கி, காடைகளை மோப்பம் பிடித்துக் காட்டும் போட்டிகளில் ஓட்டுவது ஆர்லிஸின் வேலை. ப்ராட்னாக்ஸ் குரல் உயர்த்தாத மனிதர். ஆனால் அவர் லாயத்தில் ஒரு சட்டம் இருந்தது: போட்டி நாளில் ஒருமுறை முரண்டு பிடித்த குதிரை மறுநாள் அங்கே இருக்காது. இரண்டு குதிரைகள் அப்படி விலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபத்துநாலு பிப்ரவரியில் அலபாமா சாம்பியன்ஷிப். போட்டியில் ஓடி மறைகிற நாயை ஆர்லிஸுக்கு எப்போதும் தேடித் தருகிற ஆள், முந்தின வாரம் குதிரையிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார்.

"நீ வா லுரீன்" என்றார் ஆர்லிஸ்.

"பொம்பளை தேடப் போனா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நீ டீக்கன் மேல ஏறு. மத்ததை அவன் பாத்துக்குவான்."

சிரிக்கத்தான் செய்தார்கள். டப் தன் நாயோடு பக்கத்திலேயே நின்றான்.

"என்ன ஆர்லிஸ், பொண்டாட்டியையே கூட்டிட்டு வந்துட்ட? அவ தொலைஞ்சா யாரு தேடுறது?"

"உன்னை அனுப்பமாட்டாரு டப். நீ உன் நாயையே போன வருஷம் தேடிட்டிருந்த" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் டீக்கன் மேல் ஏறினேன்.

எங்கள் நாய் ஸ்பெக். வெள்ளை உடம்பில் ஈரல் நிறப் புள்ளிகள். அந்த வருஷம் அவனை மிஞ்ச நாய் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். காடைக் கூட்டத்தின் வாடை கிடைத்ததும் நாய் வாலை நிமிர்த்தி அசையாமல் நிற்கவேண்டும். ஓட்டுகிறவர் தொப்பியைத் தூக்கி "நிக்குது!" என்று கத்துவார். நடுவர்கள் குதிரையில் வந்து பார்ப்பார்கள். ஓட்டுகிறவர் பறவைகளைக் கிளப்பி வெற்றுத் தோட்டா சுடும்வரை நாய் இமைக்கக்கூடாது. ஆனால் அரைமணி நேரம் நடுவர் கண்ணில் படாவிட்டால் எப்பேர்ப்பட்ட நாயும் அவுட். அப்படி மறைந்த நாயைத் தேடத்தான் நான்.

முதல் ஒரு மணி நேரத்தில் ஸ்பெக் நான்கு கூட்டம் கண்டுபிடித்தான். பிறகு வடக்கே ஒரு மேட்டைத் தாண்டினான், காணவில்லை.

"போ" என்றார் ஆர்லிஸ். அவ்வளவுதான்.

டீக்கன் அந்த மேட்டில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஏறினான். மறுபக்கம் இடுப்பளவு பழுப்புப் புல். அதற்குக் கீழே ஓர் ஓடை, ஓடைக்கரையில் முள்ளடர்ந்த காட்டுப் பிளம் புதர். நான் புல்லின் மேல் ஓரமாக வேகமாகப் போனேன். பாதி வழியில் டீக்கன் நின்றுவிட்டான்.

நின்றான் என்றால், நான்கு காலும் ஊன்றி. காது இரண்டும் ஓடையைப் பார்த்தபடி.

"நடடா."

அசையவில்லை. ஓடைப் பக்கமே பார்த்தான். நான் பார்த்தபோது புதருக்கு மேலே இரண்டு பெர்சிம்மன் மரங்கள் தெரிந்தன.

"இப்பவா உனக்குத் திங்கணும்? அங்க ஸ்பெக் காணாமப் போயிருக்கான், உனக்குப் பழம் கேக்குதா?"

குதிகாலால் உதைத்தேன். தலையை ஓடைப் பக்கம் திருப்பினான். கடிவாளத்தை இழுத்து நேராக்கி, இன்னும் பலமாக உதைத்தேன். அவனைப் பத்து வருஷமாகத் தெரியும். அந்த மாதிரி ஒருநாளும் உதைத்ததில்லை. அதற்குப் பிறகு போனான். பைன் மரங்கள் வரைக்கும் போய், சுற்றி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தேன். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆர்லிஸிடம் தலையசைத்தார். நேரம் முடிந்திருந்தது.

ஸ்பெக்கைத் தேடி ஆர்லிஸே போனார். சிறிது நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து அவருடைய வெற்றுத் தோட்டாச் சத்தம் கேட்டது. காடைக் கூட்டம் எழும்பியது எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்பெக் அந்தப் பிளம் புதருக்குள் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நிலைகுத்தி நின்றிருந்தான். ஆர்லிஸ் அவனைச் சேணத்தின் முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

வேன்களுக்குப் பக்கத்தில் ப்ராட்னாக்ஸ் காத்திருந்தார். டப்பும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள்.

"அந்த வழியாத்தானே போன லுரீன்? என்ன ஆச்சும்மா?" என்றார் ப்ராட்னாக்ஸ்.

குதிரை சொன்னது, நான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். டப்பின் வாய் ஓரத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

"குதிரை முரண்டு பிடிச்சிடுச்சு. ஓடைப் பக்கம் இறங்கவே மாட்டேன்னுடுச்சு" என்றேன்.

வாய் தவறி வந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. அந்த லாயத்துச் சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ப்ராட்னாக்ஸ் டீக்கனைப் பார்த்தார். "சரி" என்றார்.

மறுநாள் காலை ட்ரெய்லர் வந்தது. டீக்கன் முரண்டே பிடிக்காமல் ஏறினான். எங்கேயோ வேலைக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பான். நான் சமையலறையில் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருஷம் கழித்து, ஆர்லிஸ் முழங்கால் வலியால் வேலையை விட்ட கோடையில், பின்வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். எதற்கோ டீக்கன் பேச்சு வந்தது.

"அவன் இறங்க மறுக்கல, இல்லையா?" என்றார்.

என் கை நின்றது.

"அவனுக்கு இடது முன்கால்ல குறுக்கே பட்டை வச்ச லாடம், அவன் தடம் தனியாத் தெரியும். மேட்டுப் புல்லுல நாலு காலும் அழுந்தி நின்ன தடம் இருந்துச்சு. மூக்கு ஓடைப் பக்கம். அப்புறம் மண்ணைப் பறிச்சிட்டு வேற பக்கம் போன தடம். நாயைத் தேடிப் போனப்பவே பாத்துட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ட்ரெய்லர் கேட்டைத் தாண்டற வரைக்கும் பாத்தேன்."

"ஆர்லிஸ்..."

"ரெண்டு தடவை தேடிப் போனேன் லுரீன். மிசிசிப்பி வரைக்கும். தீவனம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அப்ப. வாங்கினவன் அவனை வேற ஒருத்தனுக்குக் கைமாத்திட்டான். அந்த ஆளோட பேரு வித்தவனுக்கே மறந்துபோச்சு."

மறுநாள் காலை நான் ப்ராட்னாக்ஸின் வீட்டுக்குப் போனேன். கையில் பிளம் ஜாம் பாட்டில். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"மிஸ்டர் ப்ராட்னாக்ஸ், டீக்கன் முரண்டு பிடிக்கல. ஸ்பெக் நிக்கிற இடத்தைத்தான் காட்டினான். நான்தான் உதைச்சு ஓட்டிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் மரியாதையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்க முயன்றது தெரிந்தது.

"ஸ்பெக்... ஆமா. நல்ல நாய்" என்றார். பிறகு, "எந்தக் குதிரைம்மா?"

"செந்நிறக் குதிரை. நெத்தியில வெள்ளைக் கோடு."

"நமக்கு அந்த மாதிரி நிறைய இருந்துச்சே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று நினைத்தவர்போல இன்னொன்றும் கேட்டார். "நல்ல குதிரையா அது?"

"நல்ல குதிரை" என்றேன்.

ஜாம் பாட்டிலைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.