நிறுத்தத் தெரியாத கை

கோயில் தெருவில் நிறுத்திய புது ஸ்கூட்டரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, கோதண்டராமன் தள்ளி நின்று அழகு பார்த்தார். சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. கோயில் வாசலில் பூ கட்டி விற்கும் ரேணுகாம்பாளிடம் வாங்கிய கதம்பத்தைக் கைப்பிடியில் பிரேக்கோடு சேர்த்துச் சுற்றியிருந்தார். ஒரு குறையும் இல்லை என்று மனிதருக்குப் பரம திருப்தி.

வண்டி அவர் மனைவி எழிலரசிக்கு. பக்கத்து ஊரான வேங்கிக்காலில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. லைசன்ஸை ஏஜென்ட் மூலமாக வாங்கியாயிற்று. எட்டு போட்டுக் காட்டும் வேலையே இல்லை. பயிற்சி என்று பார்த்தால், முந்தின நாள் சாயங்காலம் காலி மனையில் கொஞ்ச நேரம் உருட்டியதுதான். அதிலும் அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: "வலது பிரேக்க மட்டும் தொடாத. தூக்கி அடிச்சிடும்."

"பயமா இருக்குங்க. இன்னும் ரெண்டு நாள் பழகிக்கிறேனே," என்றாள் எழிலரசி.

"சின்னப் பசங்கல்லாம் ஓட்டுது. நல்ல நேரம் முடியப் போவுது, ஏறு."

பழம் நசுங்கியது. வண்டி சற்று தூரம் போனதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. பதறிய எழிலரசி விழாமல் இருக்க வலது கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடியில் ஆக்சிலேட்டர் முழுக்கத் திருகிக்கொண்டது. பிரேக்கைத் தேடிய இடது கைக்குக் கதம்பம்தான் அகப்பட்டது. கால்களைத் தரையில் தேய்த்தாள். வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சீறிக்கொண்டு கோயில் வாசல் பூக்கடைக்குள் பாய்ந்தது.

ரேணுகாம்பாளின் வலது கை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

எலும்பு கூடிவிடும், விரல்கள் பழையபடி மடங்குவது சந்தேகம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் பழப் பையோடு போன கோதண்டராமனுக்கு அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்க்கவே கூசியது.

"பூஜையெல்லாம் முறையாத்தாம்மா பண்ணோம். நேரம் சரியில்ல," என்றார்.

"நேரத்த ஏன் சார் சொல்றீங்க?" ரேணுகாம்பாள் குரலை உயர்த்தவில்லை. "பழம் வச்சீங்க, பூ வச்சீங்க. எப்படி நிறுத்தறதுன்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா? விரல் மடங்கலன்னா நான் எப்படி சார் பூ கட்டுவேன்?"

அவர் பழப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினார். வெளியே வந்ததும், பல நாளாக அவரோடு பேசாமலிருந்தும் உடன் வந்திருந்த எழிலரசி வாய் திறந்தாள்.

"மொதல்ல ஆக்சிலேட்டர விடணுமாம். அப்புறம் ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, அழுத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தி பண்ணணுமாம். எப்பவும் ரெண்டு விரல் பிரேக் மேலயே இருக்கணுமாம். கேஸ் எழுதினப்போ ஸ்டேஷன்ல ஒரு போலீஸ்காரம்மா சொன்னாங்க."

"எனக்குத் தோணலயே, எழிலு," என்றார். கண் கலங்கிவிட்டது.

"உங்கள மட்டும் சொல்லலங்க. நிறுத்தத் தெரியாம வண்டியில ஏறினது நான்தான். ஏஜென்ட்கிட்ட போகாம, டெஸ்ட்டுல நின்னு நான் ஃபெயிலாயிருந்தா, அந்தம்மா கை தப்பிச்சிருக்கும்."