பாதியில் நின்ற வாசிப்பு

தையற்கடையில் டீ வந்ததும், அவரவர் படிக்கிற புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முடிவைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. கட்டிங் மாஸ்டர் போட்ட சட்டம் அது. புதிதாக வந்த இஸ்திரிக்காரி எப்போதும், பட்டன் துளை தைக்கும் காஜாக்காரியைக் காட்டி, "அக்கா படிக்கிற அதேதான்" என்பாள். தனியாகக் குடியிருக்கும் காஜாக்காரிக்கு உள்ளூரப் பெருமை. பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடைத்ததே.

இன்று காஜாக்காரி மெல்ல அவள் வாயைக் கிளறினாள். "எதுவரைக்கும் வந்திருக்கே?"

"தங்கச்சி கதவைத் தட்டுறா. அண்ணன் இன்னும் திறக்கல."

காஜாக்காரியும் நேற்றிரவு அதே வரியில்தான் புத்தகத்தை மூடியிருந்தாள். சிரித்துக்கொண்டே, "நானும் அங்கதான் நிக்கிறேன். நீயாவது மிச்சத்தைப் படிச்சிருக்கலாமில்ல?" என்றாள்.

"எப்படிக்கா?" இஸ்திரிக்காரி டீயை ஊதினாள். "நீங்கதான் சீக்கிரமே லைட்டை அணைச்சுட்டீங்களே."