மூன்றாம் சங்கு வரை

தாவிதா கடலில் காணாமல் போன நாற்பதாம் நாள், மாலை ஜெபத்துக்கான இரண்டாம் சங்கு ஊதியதும் அவனுடைய ஓடம் பவளப் பாறைக்கு வெளியே தென்பட்டது. மூன்றாம் சங்கு ஊதியதும் மறைந்தது. எங்கள் சவாயித் தீவில் அந்த இரண்டு சங்குகளுக்கு நடுவே யாரும் வெளியே நடமாடக் கூடாது. வீட்டுக்கு வீடு கண்மூடிப் பாட வேண்டும். தடியோடு சாலையைக் காப்பவர்களுக்கு மட்டும் கண் திறந்திருக்கும், ஆனால் அவர்கள் சாலையை விட்டு இறங்கக் கூடாது. அப்படி நின்ற தாவிதாவின் தம்பி சேமுதான் ஓடத்தைக் கண்டான். மறுநாளும் வந்தது, ஒரு முழம் கிட்டத்தில். அதற்கடுத்த நாள் இன்னொரு முழம்.

தாவிதாவின் மனைவி எசெத்தாவுக்கு அழுகை வரவில்லை. முதல் சங்குக்குப் பாய் விரித்தாள், இரண்டாவதற்குக் கண்ணை மூடினாள். ஜெபத்தின் வார்த்தைகள் ஆறிய சேம்புக் கிழங்குபோல வாயில் ருசியற்றுக் கிடந்தன. ஒன்றைக்கூட விடாமல் சொன்னாள். முடிந்ததும் சேமு வாசலுக்கு வருவான்.

"இன்னிக்கு ஒரு முழம் அண்ணி."

"ஆள் எப்படி இருக்காரு?"

"தலை சீவல. மத்தபடி குறை ஒண்ணுமில்ல."

மூன்றாம் ஆண்டில் ஒரு மாலை, பாட்டின் நடுவே எழுந்து கரைக்கு ஓடினாள். கல்லெறி தூரத்துக்கு வந்திருந்த ஓடம், அவள் கண்ணில் படுமுன் பழையபடி பாறைக்கு வெளியே போய்விட்டது. ஊர்ச்சபை அவளிடம் அபராதமாக ஒரு பன்றி வாங்கி எல்லோருக்கும் பங்கிட்டது. அவளுக்கும் ஒரு தொடை வந்தது.

"மூணு வருசம் அண்ணி," என்றான் சேமு. "நின்னு நின்னு என் காலே வளைஞ்சிருச்சு. நான்தான் தெனமும் பாத்துச் சொல்றேனே, நம்பலையா?"

"உன்னை நம்பாம இல்லடா," என்றாள்.

மறுநாள் முதல் சங்குக்குப் பாய் விரித்தாள். ஓடம் மறுபடி முழம் முழமாக வரத் தொடங்கியது. இரண்டு புயல்கள் வந்துபோயின. கூரை ஒருமுறை பறந்தது, கூரையில்லாமலும் பாடினாள். போதகர் மாறினார். பிறகு ஒரு மாலை, மணலில் மரம் உரசும் சத்தம் கேட்டது. ஈரக் கால்கள் பாயில் ஏறின. பாட்டில் இன்னும் மூன்று சரணங்கள் பாக்கி. கடைசிக்கு முந்தைய சரணத்தில் ஒரு கட்டைக் குரல், எப்போதும்போல அரைத் தாளம் பிந்தி, சேர்ந்துகொண்டது. அவள் கண் திறக்கவில்லை. ஆமென் சொன்னாள். மூன்றாம் சங்கு ஊதியது.

"கெழங்கு ஆறிப்போச்சு," என்றாள்.

"பரவால்ல," என்றான் தாவிதா.

சேமு தடியோடு வாசலில் வந்து நின்று, பழக்கத்தில், "இன்னிக்கு ஒரு முழம் அண்ணி," என்றான். எசெத்தா இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.