பளீல் காக்கா வெட்டிய குளம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மருதமுனையில் பூமரக் கன்று விற்கிற முர்ஷித் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், "ஆ, அந்தச் சண்டைக்காரனா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். உச்சி வெயிலில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனைக் கண்டால் எனக்கு ஏசாமல் இருக்க முடியாது. என் வேலையில் பிழை பிடிக்க இன்னும் ஒருவன் பிறக்கவில்லை என்றும் வாய் கிழியக் கதைத்துக்கொண்டு திரிந்தேன். சாய்ந்தமருதில், கடலிலிருந்து இருநூறு கெஜம் தள்ளி இருக்கிற ஒரு வீட்டுப் பின்வளவில் அந்த வாய் அடங்கியது.

அது பளீல் காக்காவின் வளவு; மூத்தவர்களைக் காக்கா, ராத்தா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி சரீபா ராத்தாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. நெஞ்சளவு தண்ணீருக்குள் தினமும் அரை மணித்தியாலம் நடந்தால் நல்லது, பழைய நிலைக்குத் திரும்புகிற கால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை தினமும் கடலில் இறங்கி நடக்க முடியுமா? காக்கா பின்வளவிலேயே ஒரு நீச்சல் தொட்டி கட்டினார். ஊர் சும்மா இருக்குமா? "இறக்காமத்துக் குளம் போதாதெண்டு பளீல் காக்கா ஊட்டுக்குள்ளயும் ஒண்டு வெட்டிட்டாரு" என்று சிரித்தார்கள். கட்டி முடியவே மூன்று மாதம் போய்விட்டது.

தொட்டியைச் சுற்றிப் பச்சை வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ராத்தா குசினி வாசலில் கதிரையில் இருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, என்ன மரம் வைக்கிறதெண்டாலும் உங்கட விருப்பம். நான் தலையில துணியில்லாமத் தண்ணிக்குள்ள நிக்கக்குள்ள ஒரு கண்ணும் என்னில படக்கூடாது. எனக்கு அது மட்டும் போதும்."

"படாது ராத்தா. காகத்துக்கும் தெரியாமச் செஞ்சி தாறன்."

"கால் திரும்பி நான் ஓடவா போறன்? கதிரையில இருந்து தொழுது தொழுது மனசு ஆறுதில்ல தம்பி. ஒரு தரமாவது நெத்தி நிலத்துல படணும். ஸுஜூது செய்யணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்."

எனக்கு உம்மா இல்லை. நான் நிலத்தை அளப்பதுபோல் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அந்த வேலையை நான் கூலிக்குச் செய்யவில்லை.

கடற்கரை மணலில் ஊற்றிய தண்ணீர் அரை மணித்தியாலம் நிற்காது. இறக்காமத்திலிருந்து குளத்து வண்டல் ஒரு லோட் இறக்கி மாட்டெருவோடு கலந்தேன். கடல் பக்கமாகத் தாழை வைத்தேன், உப்புக் காற்றை அது முதலில் வாங்கிக்கொள்ளும். அதற்கு உள்ளே வேலிக்கு நடுகிற பூவரசங் கதியால், தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி, வேர் சுவரை உடைக்காமலிருக்க நடுவில் தகரம் புதைத்து. காக்கா தொட்டியோரம் மல்லிகை கேட்டார். பூ தண்ணீரில் விழும், தேனீ வரும், வெறுங்காலோடு நடக்கிற மனுஷி, உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று ஏசினேன். பூவரசு உயரும்வரை சுற்றிவரக் கம்பு நட்டுத் தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டினேன்.

பிறகு அக்கம்பக்கத்து மேல்மாடி யன்னல் ஐந்திலும் அனுமதி கேட்டு ஏறிப் பார்த்தேன். காக்காவை ராத்தாவின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு நபீஸா மாமியின் யன்னலிலிருந்து நான், "தலை தெரியிது காக்கா, இன்னும் இங்கால வாங்க!" என்று கத்தினேன். அவர், "கெதியாப் பாருடா, ஆரும் போட்டோ எடுத்திரப் போறானுகள்!" என்று கத்தினார். ராத்தா குசினி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெரிந்த பக்கமெல்லாம் கிடுகை உயர்த்தி, ஐந்து யன்னலையும் மறைத்தேன்.

காக்காவுக்கு இன்னொரு கவலை இருந்தது. நடக்கும்போது ராத்தா வலியில் முனகுவார், அது ரோட்டுக்குக் கேட்குமே என்றார். நான் விடுவேனா? கட்டாரில் ஒன்பது வருடம் ஹோட்டல் தோட்டம் பார்த்தவன். கருங்கல் அடுக்கி, பம்ப் பூட்டி, ஆறடி அகலத்துக்குத் தண்ணீர் விழுகிற சுவர் ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். அதைப் போட்டுவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பதுகூடக் கேட்காது. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

ராத்தா இறங்கி நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை காக்கா போன் எடுத்தார். "டேய் முர்ஷித், நீ செஞ்ச வேல..." என்று தொடங்கி, அழுதுவிட்டார்.

நடந்தது இதுதான். ராத்தா தண்ணீருக்குள் பாதித் தூரம் நடந்து தலையை நிமிர்த்தியிருக்கிறார். அடுத்த வளவுத் தென்னையின் வட்டுக்குள், ஓலைகளுக்கு நடுவில், ஒரு ஆள். பதறிப்போய்க் கரையேறப் பார்த்து, படியில் சறுக்கி விழுந்து, நன்றாக இருந்த வலது முழங்காலும் அடிபட்டது. எலும்பு உடையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இனிமேல் அந்தத் தண்ணீருக்குள் இறங்கவே மாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிய ஐந்து கிழமைதான் மிச்சம்.

எனக்கு இரத்தம் கொதித்தது. எங்கள் பக்கத்தில் தேங்காய் பிடுங்குகிறவர் மரத்தில் கால் வைக்குமுன் கீழே நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். சுற்று வளவுகளில் குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற பெண்கள் உள்ளே போவார்கள். இல்லாவிட்டால் "பொறுங்க" என்று பதில் சொல்வார்கள், அவர் பொறுப்பார். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் கூப்பிடாமல் ஏறினவனை அதற்குப் பிறகு ஒரு வளவுக்குள்ளும் எடுக்கமாட்டார்கள்.

ஏறியவர் கனகசபாபதி அண்ணன், கல்முனை ஆள், அறுபது வயதிருக்கும். சந்தைக்குப் பின்னால் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து, நாலு பேருக்கு முன்னால் வாயில் வந்ததையெல்லாம் ஏசினேன். அவர் எழும்பவுமில்லை, கோபப்படவுமில்லை.

"மூணு தரம் கூப்பிட்டன் தம்பி. முப்பது வருசத்தில கூப்பிடாம ஒரு மரத்திலயும் கை வைக்கல்ல. தொண்ட கிழியக் கூப்பிட்டன். உள்ளுக்க மழை கொட்டினாப்போல ஒரே சத்தம். பதில் இல்ல, ஆளில்லயாக்கும் எண்டு ஏறிட்டன். கண்டவுடன கண்ண மூடிக்கொண்டு மரத்தக் கட்டிப்பிடிச்சிக்கொண்டு நிண்டன். இறங்கினாலும் பிழை, நிண்டாலும் பிழை. அந்தத் தங்கச்சி விழுந்த சத்தம் இன்னும் காதுக்குள்ள இரிக்கி. வாய்க்குச் சோறு போகுதில்ல."

அந்த மழைச் சத்தம் என்னுடையது. யன்னல்களை எண்ணினேனே தவிர மரங்களை எண்ணவில்லை. மரத்துக்குப் பயப்படத் தேவையில்லை, ஏறுகிறவர் கூப்பிடுவார் என்பது எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். அந்தக் கூப்பாடு உள்ளே போகிற வழியைத்தான் நான் கல் அடுக்கி அடைத்துவிட்டேன். "பிழை என்ட அண்ணன், ஏசினத்த மன்னிச்சிருங்க" என்று அவருடைய கையைப் பிடித்தேன்.

நேரே சாய்ந்தமருதுக்குப் போனேன். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளேயிருந்து ராத்தா கேட்டார்.

"அப்ப அவர் கூப்பிட்டாரா?"

"ஓம் ராத்தா. மூணு தரம். அல்லாஹ் அறிய."

கதவு திறந்தது. பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார், கண் வீங்கியிருந்தது.

"நான் என்ன நினைச்சன் தெரியுமா தம்பி? கால் இழுத்துக் கிடக்கிறவள்தானே, இவளுக்கு என்னத்துக்குக் கூப்பிடணும் எண்டு ஏறிட்டாரு எண்டு நினைச்சன். என்னைய ஒரு பொம்புளயெண்டே கணக்கெடுக்காமப் போயிட்டாரு எண்டு. முழங்கால் நோகல்ல. அதுதான் நொந்திச்சி."

காக்கா சுவரில் சாய்ந்து நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த மனிசன நீங்க ஏசினீங்களா?" என்று ராத்தா கேட்டார்.

"ஓம்."

"நல்ல புள்ளதான் போங்க. முதல்ல அந்தத் தண்ணிச் சுவர உடைங்க."

"நீ முனகுறது ரோட்டுக்குக் கேக்குமே சரீபா," என்றார் காக்கா.

"கேக்கட்டுமே. நோகுது, முனகுறன். நான் என்ன களவா எடுக்கிறன்?"

அலவாங்குக் கம்பியை எடுத்து அன்றைக்கே உடைத்தேன். கட்ட எட்டு நாள் எடுத்த சுவர், உடைக்க ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது. முழங்கால் வீக்கம் வற்றியதும் ராத்தா மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார். மனம் நிறைந்துதான் போனது எனக்கு, ஆனால் பயமும் இருந்தது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன, கால் அவ்வளவாக மடங்கவில்லை.

ஒரு காலை கிடுகுக்கு வெளியே நின்று பூவரசு இலையிலிருந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே ராத்தா முனகுவதும், ஸலவாத் ஓதுவதும், மறுபடி முனகுவதுமாக நடந்துகொண்டிருந்தார். அடுத்த வளவிலிருந்து கனகசபாபதி அண்ணனின் குரல் வந்தது.

"மரம் ஏறப்போறன்! மரம் ஏறப்போறன்!"

மூன்றாம் தரம் கூப்பிட ராத்தா விடவில்லை. "பொறுங்க அண்ணன்! இன்னும் பத்துத் தரம் நடக்க இரிக்கி!"

"ஓம் தங்கச்சி! ஆறுதலா நடங்க, நான் வெத்தில போடுறன்!"

ஐந்து கிழமை முடிந்தது. அதற்கு மேல் இன்னும் இரண்டு கிழமையும் போனது. நான் காக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், ராத்தாவே போன் எடுத்தார்.

"தம்பி, இண்டைக்கி லுஹர் நிண்டு தொழுதன். நெத்தி நிலத்துல பட்டிச்சி."

கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தேன்.

"பட்டிச்சி, மறுகா எழும்ப ஏலாமப் போயிட்டு. அப்படியே கிடந்தன். உங்கட காக்கா பாத்துட்டு, உசிர் போயிட்டாக்கும் எண்டு ஓடி வந்து தூக்குறாரு. நான் சிரிக்கிறன், அவர் அழுறாரு. தொழுகையும் முறிஞ்சி, திரும்பக் கதிரையில இருந்துதான் தொழுதன். எழும்பப் பழக இன்னும் நாள் எடுக்குமாக்கும்."

"நடங்க ராத்தா," என்றேன். "எவ்வளவு நாளெண்டாலும் நடங்க." சொல்லும்போதே அழுதுவிட்டேன். கன்று வாங்க வந்திருந்த இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அழாதீங்க மகன்," என்றார் ராத்தா. "உங்கட காக்காட்ட செல்லிராதீங்க. கொஞ்சம் முயற்சி எடுத்திருந்தா எழும்பியிருப்பன். எனக்கு எழும்ப மனம் வரல்ல."