வழித்துவிட்ட கன்னம்

“பார்க்க நல்லாத்தானே இருக்காரு?” கணினியிலிருந்து கண்ணை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்தவளின் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள் உதவித்தொகை அதிகாரி.

மனைவிக்குத் திக்கென்றது. வழித்த கன்னம், இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. எல்லாம் அவள் கைவேலை. காலையில் முக்காலியில் உட்காரவைத்து, “அசையாதீங்க மாப்பிள்ளை, மீசை போயிடும்” என்று கேலி பேசியபடியே சவரம் செய்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. சோப்புப் போடக் கையைத் தூக்கச் சொன்னாள். இறக்கச் சொல்லும்வரை தூக்கியபடியே இருந்தார். நாலு பேர் பார்க்கிற இடம், எப்படி அப்படியே கூட்டிவருவது?

“மனச்சோர்வும் நோய்தான், சட்டத்துலயே இருக்குன்னு நீங்கதானே மேடம் போன்ல சொன்னீங்க?”

“இருக்குக்கா. ஆனா வேலை செய்யவே முடியாத அளவுக்கு இருக்கணும். இப்ப உள்ள பார்த்த டாக்டர், தன்னைத்தானே நல்லா பராமரிச்சுக்கிறார்னு எழுதியிருக்காரு.”

“இவரா? இந்தப் பட்டனைப் போட்டது நான். சாக்ஸை மாட்டினது நான். லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போனவரு, அதுக்குள்ளயே சுருண்டு உட்கார்ந்துட்டாரு. கம்பெனியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கால் உடைஞ்சிருந்தா மாவுக்கட்டைக் காட்டுவேன். இதுக்கு எதைக் காட்டட்டும்?”

அதிகாரி அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க சார். ரொம்ப முடியலையா?”

அவர் மேசை விளிம்பைப் பார்த்தபடி, “பரவாயில்லைங்க” என்றார்.

மனைவிக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வாடகை, மருந்து, சின்னவள் படிப்பு, எல்லாம் இந்தத் தொகையை நம்பித்தான் இருந்தன. அது இந்த மனுஷனுக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் அவரை இன்னும் அழுத்துகிறது என்று அவளுக்கும் தெரியும். வந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்றுதான் தெரியவில்லை.

“இப்ப கிடைக்காது, அப்பீல் பண்ணுங்கக்கா” என்றாள் அதிகாரி, குரலைத் தாழ்த்தி.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பேருந்துகள் வந்து வந்து போயின. “ஏங்க, எந்திரிங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள். நனைந்த மூட்டை போல் கனத்தார்.

“ஏறுறீங்களா, இல்ல வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?” என்று ஒரு ஓட்டுநர் எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

வெயில் இறங்கி, அலுவலகம் விட்டுக் கூட்டம் வந்தது. அதில் அதிகாரியும் இருந்தாள். “இன்னுமா போகலை?” என்றாள்.

மனைவி மறுபடி குனிந்து, அவர் அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள்.

பேருந்து வந்து நின்றது. கூட்டத்தில் எல்லோரும் ஏறினார்கள். அதிகாரி மட்டும் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலுமாக வைத்து, அவர்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தபடி நின்றாள்.