மயிலுக்குப் பதில் ஞானேஸ்வரி

நாவலப்பிட்டி ரத்தினம்மா டீச்சர் செத்துப்போன அன்று மகாலட்சுமிக்கு இரங்கல் தெரிவித்தவர்கள் நூற்று எழுபத்தாறு பேர்.

டீச்சருடைய பேஸ்புக் படம் மகாலட்சுமி. இரண்டு பக்கமும் யானை நிற்க, கையிலிருந்து பொற்காசு கொட்டுகிற அதே படம். ‘கண்டி உறவுகள்’ குழுவை நடத்துகிறவன் மோகனராஜ். டவுனில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறான். யார் செத்தாலும் அரை மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி அட்டை செய்து குழுவில் போட்டுவிடுவான். பிணம் வீட்டுக்கு வருமுன் அட்டை வந்துவிட வேண்டும், அதில் அவனுக்கு ஒரு பெருமை. துக்க வீட்டில் படம் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டான். செத்தவரின் புரொபைல் படத்தையே எடுத்து, மாலை போட்டு, கீழே இரண்டு விளக்கேற்றிவிடுவான். அன்றைக்கும் ஏற்றினான். பாதிப் பேர் ‘ஆத்மா சாந்தியடையட்டும்’ என்றார்கள், மீதிப் பேர் ‘தாயே போற்றி’ என்றார்கள், ஒரு புண்ணியவான் இரண்டையும் எழுதினார். சாயந்தரம்தான் டீச்சரின் மகன் அடையாள அட்டைப் படத்தை அனுப்ப, அட்டை திருத்தப்பட்டது. ஆறு வருடமாக டீச்சரிடம் குசலம் விசாரித்தவர்கள் அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தார்கள்.

அந்தக் குழுவில் அதுதான் வழக்கம். நாலாயிரம் பேரில் ஆண்களெல்லாம் முகம், பெண்களெல்லாம் பூ. பூ இல்லாவிட்டால் சாமி, சாமியும் இல்லாவிட்டால் யாரோ பெற்ற வெள்ளைக்காரக் குழந்தை. ஒரு பெண்ணின் முகம் அங்கே வெளியே வருகிறதென்றால் அவள் மண்டையைப் போட்டுவிட்டாள் என்று அர்த்தம். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. சட்டம் போட்டிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

மகாலட்சுமியின் மாலையைப் பார்த்ததும் ஞானேஸ்வரிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தன் படம் ஞாபகம் வந்தது. ஹந்தானை மலைச் சரிவில் வீடு, ஐம்பத்து மூன்று வயது, ஒன்பது வருடமாக அவள் மயில். அதுவும் தோகை விரித்த மயில். தோகை விரிப்பது ஆண் மயில் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நாளைக்கே மாரடைப்பு வந்தால் மோகனராஜ் அந்த மயிலின் கழுத்தில் மாலையைப் போட்டு, ‘அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாதது’ என்று எழுதிவிடுவான். அப்படிப் போவதற்கு அவளுக்கு விருப்பமில்லை. செத்த பிறகு முகம் காட்டுவதிலும் விருப்பமில்லை. இருக்கும்போதே தன் மூஞ்சி தன் பேருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இது பெரிய ஆசையா என்று நீங்கள் கேட்கலாம். அவள் புருஷனிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

புருஷன் ராஜலிங்கம் கடுகண்ணாவையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். மாதத்துக்கு இரண்டு முறை படம் மாற்றுவார். வாவிக் கரையில் கூலிங் கிளாஸோடு ஒன்று, கல்யாண வீட்டில் யாருடையதோ காரில் சாய்ந்துகொண்டு ஒன்று, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு பல. எதற்காக விரலைத் தூக்கினார் என்பது அவருக்கே தெரியாது.

காலையில் ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டு அவள் பேச்சை எடுத்தாள்.

“என்னாங்க, நானும் என் படத்தப் போடலாம்னு இருக்கேன்.”

“எங்க?”

“பேஸ்புக்லதான்.”

ராஜலிங்கம் ரொட்டியை வைத்துவிட்டார். “ஒனக்கு என்னா கிறுக்கு புடிச்சிருச்சா? நம்ம வூட்டுப் பொம்பள மூஞ்சிய நாலாயிரம் பேரு பாக்கணுமா? கண்டவன் எடுத்து கண்டதுல ஒட்டுவான்.”

“அம்பத்து மூணு வயசு மூஞ்சிய எதுல ஒட்டப் போறான்?”

“மயிலுக்கு என்னா கொறச்சல்? லெச்சணமாத்தானே இருக்கு?”

மயில் லட்சணம்தான். அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்பது வருடமாக அவள் போடுகிற ஒவ்வொரு பொங்கல் வாழ்த்துக்கும் விழுகிற விருப்பக்குறி மயிலுக்கு விழுகிறதோ என்ற சந்தேகம் வேறு.

அவர் பஸ் ஏறியதும் அலுமாரியைத் திறந்து அல்பம் எல்லாவற்றையும் இறக்கினாள். முப்பது வருடக் கல்யாணங்கள், காதுகுத்துகள். எல்லாவற்றிலும் ஞானேஸ்வரி இருந்தாள், பாதியாக. ஒன்றில் தோள், ஒன்றில் ஆலாத்தித் தட்டைப் பிடித்த கை, ஒன்றில் கூட்டத்துக்குப் பின்னால் நெற்றியும் பொட்டும். முழுசாக விழுந்த ஒரே படத்தில் கண்ணை மூடியிருந்தாள். இதையெல்லாம் சேர்த்துத் தைத்தாலும் ஒரு ஆள் தேறாது.

அல்பத்தை மூடிவிட்டு அடுத்த வீட்டு ரபீகாவைக் கூப்பிட்டாள். ரபீகா போனை வாங்கிக்கொண்டு அவளை முற்றத்தில், மலை தெரிகிற பக்கமாக நிறுத்தினாள்.

“அக்கா, நீங்க நிக்கிறது ஐடென்டிட்டி காட்டுக்குப் புடிக்கிற மாதிரி ஈக்கி. கொஞ்சம் சிரிங்க.”

“வரமாட்டேங்குதே.”

“சரி, ராஜலிங்கம் நானா பெயின்ட் டப்பாவோட கட்டவெரலத் தூக்கிக்கிட்டு நிக்கிற படத்த நெனைங்க.”

ஞானேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். ரபீகா அமுக்கினாள். பழைய கொட்டன் சேலை, ஒரு பக்கம் பறந்த முடி, பல் முழுக்கத் தெரிகிற சிரிப்பு. ஞானேஸ்வரி அதை வெகுநேரம் பார்த்தாள். தன்னை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒன்பதே முக்காலுக்கு மயிலை இறக்கிவிட்டுத் தன்னை ஏற்றினாள். ஏற்றிய கையோடு பயம் பிடித்துக்கொண்டது. போனைச் சத்தமில்லாமல் செய்து அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, கிணற்றடியில் துணி துவைக்கப் போய்விட்டாள். துணிக்கு அன்று விழுந்த அடி கொஞ்சநஞ்சமில்லை.

பதினொன்றரை மணிக்கு யாரோ கேட்டைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, கையில் குடை, சின்னமுத்து. மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற நாளிலிருந்து சாவீடு தவறவிட்டதில்லை. ராஜலிங்கத்துக்கு டவுனில் பழக்கம், இந்த வீட்டுப் படி மிதித்ததில்லை.

“தங்கச்சிங்களா?” என்றார் தழுதழுத்து. “அக்காவ அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க.”

“எந்த அக்காவ?”

“பாவம், அதிர்ச்சியில இருக்கீங்க. மொதல்ல உக்காருங்க.” அவளுடைய வீட்டில் அவளுடைய கதிரையை இழுத்துப் போட்டு அவளையே உட்காரவைத்தார். “எப்ப எடுத்துட்டு வராங்க?”

“யார?”

“ஞானேஸ்வரி அம்மாவத்தான்.”

அவள் ஈரக்கையோடு அறைக்குள் ஓடினாள். போனில் பதினேழு மிஸ்ட் கோல், எல்லாம் புருஷனுடையது. பேஸ்புக்கைத் திறந்தால் அவள் சிரிப்புக்கு மேல் சாமந்தி மாலை. மோகனராஜுக்குப் பதினொரு நிமிடம்தான் எடுத்திருக்கிறது. பிறந்த தேதி தெரியாததால் அந்த இடத்தில் இரண்டு புறாக்களை வைத்திருந்தான். கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ‘எப்போதும் சிரித்த முகம்’ என்று எழுதியிருந்தவர்களில் ஒருவர்கூட அந்த முகத்தை அதற்கு முன் கண்டதில்லை.

அதுகூடப் பரவாயில்லை. புருஷனின் பக்கத்துக்குப் போனவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கூலிங் கிளாஸ் போயிருந்தது. ராஜலிங்கத்தின் புரொபைல் படம் இப்போது அவள்தான். அதே சேலை, அதே பல். கீழே அவர் எழுதியிருந்தார்: ‘என் குலவிளக்கு அணைந்தது. இறுதிக் கிரியை நாளை பிற்பகல் மூன்று மணி, மஹியாவை மயானம்.’

ஞானேஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எது முந்தியது என்று அவளாலேயே சொல்ல முடியாது.

சின்னமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னாள். மனிதர் இரண்டு முறை அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று தீர்மானமாகச் சொல்வதற்கில்லை. வந்ததற்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் த்ரீவீலர் வந்து நின்றது. ராஜலிங்கம் இறங்கினார். கண் வீங்கியிருந்தது. வாசலில் டீ ஊற்றிக்கொண்டு நின்றவளைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“நீ… நீ செத்துட்டியாம்.”

“யாரு சொன்னா?”

“மோகன்தான் கோல் பண்ணான். ‘என்னாண்ணே, நம்மகிட்ட சொல்லவே இல்ல’ன்னான். நீ போன எடுக்கல. நான் கடையப் பூட்டினேனா இல்லையான்னுகூட ஞாபகமில்லடி.” சின்னமுத்து இருப்பதையும் பாராமல் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. முப்பது வருடத்தில் தனக்காக அவர் அழுது அவள் பார்த்ததில்லை, அதனால் கொஞ்ச நேரம் தடுக்காமல் விட்டாள்.

“வூட்டுக்கு வந்து பாக்குறதுக்கு முந்தியே சுடலைக்கு நேரம் குறிச்சிட்டீங்களே,” என்றாள் பிறகு.

“பேராதனையில பஸ் நின்னுருச்சு. ஆளாளுக்கு கோல் பண்ணி எப்ப, எங்கன்னு கேட்டா நான் என்னா செய்ய?” மூக்கைத் துடைத்துக்கொண்டதும் பழைய ராஜலிங்கம் திரும்பி வந்துவிட்டார். “எல்லாம் ஒன்னாலதான். அந்தப் படத்த எடு. இப்பவே மயிலப் போடு.”

“எந்தப் படத்த எடுக்கச் சொல்றீங்க? என் போன்ல இருக்கிறதயா, உங்க போன்ல இருக்கிறதயா?”

அவர் தன் போனைப் பார்த்தார்.

“உசிரோட இருந்தா நாலாயிரம் பேரு பாக்கக் கூடாது. செத்தா மட்டும் பாக்கலாமா? கண்டவன் எடுத்து ஒட்ட மாட்டானா?”

சின்னமுத்து டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “அது நியாயந்தானே?” என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

கூலிங் கிளாஸ் படத்தைத் திரும்பப் போடுவதற்காக ராஜலிங்கம் விரலை நீட்டினார். விரல் திரைக்கு மேலேயே நின்றது. அவள் பல் தெரிய அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது யாரு புடிச்சது?”

“ரபீகா.”

“நல்லாத்தான் இருக்கு.” குரல் இறங்கியிருந்தது. “நீ இப்படிச் சிரிப்பியா?”

“சிரிப்பேன். நீங்க படத்துக்கு நிக்கிறதுல மும்முரமா இருந்தீங்க.”

அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். படத்தை எடுக்கவில்லை. போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. கடைப் பூட்டைப் பற்றி விசாரிக்க யாருக்கோ கோல் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

ஞானேஸ்வரி குழுவில் எழுதினாள்: ‘நான் சாகவில்லை. இது என் முகம். நாளை மூன்று மணிக்கு யாரும் வர வேண்டாம்.’ மோகனராஜ் அட்டையை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டான். ‘படம் தெளிவாக இருந்ததால் வந்த பிழை’ என்று ஒரு காரணமும் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் துஷ்யந்தி என்று ஒருத்தியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. ஆளை ஞானேஸ்வரிக்குத் தெரியாது. படம் ஒரு சூரியகாந்தி.

‘அக்கா, நானும் என் படத்த போடணும்னு ரொம்ப நாளா ஆச. எங்க வூட்ல விடமாட்டேங்கிறாங்க. உங்க வூட்டுக்காரரு எப்படி சரின்னாரு?’

ஞானேஸ்வரி முற்றத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். பிறகு பதில் எழுதினாள்.

‘நான் செத்த பொறகு சரின்னாரு.’