இரண்டாவது இ.இ.ஜி.

ராஜையன் பொன்முடி மலைக்கு அரசு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்லாறு தாண்டியதும் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகளை அவரைப் போல நிதானமாக எடுக்க வேறு ஆளில்லை என்று டிப்போவில் பேச்சு. தொண்ணூற்றேழாம் வருஷத்து மழைக்காலத்தில்தான் அவர் மனைவி பொன்னம்மை முதன்முதலாக அதைக் கண்டாள்.

நேமத்து வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றுருண்டையைக் கையில் எடுத்தபடி அப்படியே அசைவு நின்றுபோனார். கண் திறந்திருந்தது. வாயில் ஒன்றுமில்லாமலே உதடு எதையோ சவைத்தது. இடது கை வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எதுவுமே நடக்காதவர் போல, "மோர் இல்லியா?" என்றார்.

பிறகும் சில தடவை அப்படி வந்தது. நகரத்தில் நரம்பு நோய் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். தலையில் பசை தடவி வயர்களை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். மூளையின் அலைகளைப் பேனாக்கள் தாளில் கோடுகளாக வரைந்து தள்ளின. ரிசல்ட் நார்மல் என்று வந்தது.

டாக்டர் அனந்தலக்ஷ்மி நகரத்துக் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்தில் வளர்ந்தவர். பொன்னம்மை சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எடுத்த நேரத்துல மூளை அமைதியா இருந்துது. அவ்வளவுதான் இந்தப் பேப்பர் சொல்றது. நீங்க பாத்தது வலிப்புன்னுதான் எனக்குத் தோணறது. ராத்திரி தூங்காம வரட்டும், அப்பதான் இருந்தா தெரியும்; இன்னொரு தரம் எடுக்கலாம். அதுவரைக்கும் அவர் பஸ்ஸைத் தொடப்படாது."

திரும்பும் வழியெல்லாம் ராஜையன் பொருமினார்.

"வலிப்புண்ணா கையும் காலும் அடிக்கணும், நுரை தள்ளணும். எனக்கு எப்பமாவது அப்பிடி உண்டா?"

"இல்ல. ஆனா அந்நேரம் நீங்க இங்க இல்ல."

"நார்மல்னு மெஷின் எழுதியாச்சு. நீ கண்டதுதான் பெருசா? வண்டி போனா பிறகு நான் யாருடி?"

மறுநாளே டூட்டிக்குப் போய்விட்டார். இரண்டாவது சோதனைக்கு வரவேயில்லை. வளைவில் பஸ் கவிழ்ந்ததாக ரேடியோ சொல்லிவிடுமோ என்று பொன்னம்மை பயந்துகொண்டே சமையல் செய்தாள். ஒரு நாள், பொன்முடி பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவருடைய பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவுமில்லை.

நெடுமங்காடும் விதுரையும் கடந்தன. கல்லாற்றில் எஸ்டேட் ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் அனில் மணி அடித்தான். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது, பஸ் நகரவில்லை. மறுபடி அடித்தான். பொன்னம்மை கண்ணாடியில் பார்த்தாள். அவருடைய உதடு சவைத்துக்கொண்டிருந்தது. கை கியர்க் குமிழைத் தடவிக்கொண்டே இருந்தது.

"சேட்டன் உறங்கியோ?" என்று அனில் பின்னாலிருந்து சிரித்தபடி மீண்டும் மீண்டும் மணிக் கயிற்றை இழுத்தான்.

ராஜையன் சட்டென்று நிமிர்ந்து கியரைப் போட்டார். சக்கரம் உருளுமுன் பொன்னம்மை இறங்கி ஓடி பஸ்ஸின் முன்னால் போய் நின்றாள்.

"மாறி நில்லுடி," என்று அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

உள்ளேயிருந்து யாரோ மலையாளத்தில், ஈ ஸ்த்ரீக்குப் பிராந்தாணோ, இவளுக்குப் பைத்தியமா என்று கேட்டார்கள். அவள் நகரவில்லை.

"இப்பம் மணி எத்தன தடவ அடிச்சுது? சொல்லுங்க."

"ஒரு தடவ."

"அனிலு, நீ சொல்லு."

அனிலின் சிரிப்பு போய்விட்டது. அவன் முன்னால் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்: "நாலு பிராவசியம் அடிச்சு, சேட்டா."

ராஜையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலிருந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினை நிறுத்தினார். பின்னால் வந்த பஸ்ஸில் ஆட்களை ஏற்றிவிட்டார்கள்.

அந்த வாரமே தூக்கம் விழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பசை காயுமுன்பே உறங்கிப்போனார். இழைந்து ஓடிய கோடுகள் நடுவில் ஓரிடத்தில் முள் முள்ளாக எழும்பின. வலது நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது என்று டாக்டர் காட்டினார். இத்தனை நாள் புருஷன் நம்ப மாட்டாரா என்று ஏங்கியவள், அந்தத் தாளைப் பார்த்ததும், நான் கண்டது பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். ராஜையன் கோடுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

மாத்திரை தொடங்கியது. டிப்போவில் டயர் வைக்கும் அறையில் வேலை கொடுத்தார்கள். அப்படி அசைவற்று நின்றுபோவது குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இனி பஸ் வேண்டாம் என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். வீட்டில் அவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுரோட்டில் புருஷனைக் கேவலப்படுத்தினவள் என்று அவருடைய அக்கா ஊரெல்லாம் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு மத்தியானம், கை கழுவிவிட்டு வந்தவர் வாசற்படியில் நின்றார்.

"அன்னைக்கு நீ செய்தது எனக்கு வேண்டின்னு ஆளுககிட்ட சொல்லாத," என்றார். "வண்டியில இருந்தவங்களுக்கு வேண்டின்னு சொல்லு. அதுன்னா எனக்குப் பொறுக்கும்."

"ரெண்டுக்கும் வேண்டித்தான்," என்றாள் பொன்னம்மை.

அவர் முற்றத்தில் இறங்கி நடந்தார். ரோட்டில் ஏதோ பஸ் போகும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னம்மை மட்டும், வழக்கம்போல, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.